கண் இமைக்கும் கருமுட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஃபாக்ஸ்எல்2 மரபணுவைப் பற்றி ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்டது, சுருக்கமாக: "என் தங்கைக்கு 26 வயது. பிறந்ததிலிருந்தே கண் சின்னதாக, இமை தொங்கினாற்போல் இருக்கும். அப்பாவுக்கும், அப்பாவின் அக்காவுக்கும் அதே கண்தான். அந்த அத்தைக்குக் குழந்தை இல்லை. தங்கைக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். ஒரு வருடமாக மாதவிடாய் சரியாக வருவதில்லை. ரத்தப் பரிசோதனையில் எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) 48, ஏஎம்எச் (முட்டை கையிருப்பைக் காட்டும் ஹார்மோன்) ஏறக்குறைய இல்லை. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவைச் சோதிக்கச் சொல்லிவிட்டார். கண்ணுக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மரபணு எப்படி ஹார்மோனைக் கட்டுப்படுத்தும்? இதற்கு மருந்து உண்டா?"

சம்பந்தம் உண்டு, அதுவும் நேரடியான சம்பந்தம். உங்களுக்குக் கிடைத்த டாக்டர் நல்ல டாக்டர் என்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் கண் ஒரு துறைக்கும் சினைப்பை வேறொரு துறைக்கும் போய்விடும். கண் டாக்டர் இமையைத் தூக்கித் தைத்து அனுப்பிவிடுவார். மகப்பேறு டாக்டர் ஹார்மோன் ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாமலே வருடங்கள் ஓடிவிடும்.

அந்தக் கண் அமைப்புக்குப் பெயர் பிளெஃபரோஃபைமோசிஸ் கூட்டுக்குறி. மருத்துவர்கள் சுருக்கமாக பிபிஇஎஸ் என்பார்கள். கண் திறக்கும் இடைவெளி அகலத்தில் குறைவாக இருக்கும், மேல் இமை தொங்கும், மூக்கை ஒட்டிய ஓரத்தில் கீழிமையிலிருந்து மேல்நோக்கி ஒரு தோல் மடிப்பு எழும்பி நிற்கும், இரண்டு கண்களின் உள்முனைகளும் சற்றுத் தள்ளி இருக்கும். இந்த நான்கும் சேர்ந்து பிறவியிலேயே இருந்தால்தான் அது பிபிஇஎஸ். இமை மட்டும் தொங்குவது வேறு கதை. 1983ல் குடும்ப வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள் இதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். முதல் வகையில் பெண்களுக்குச் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் கண் மட்டும்தான் பிரச்சினை, குழந்தைப்பேற்றில் குறை இல்லை. ஆண்களுக்கு எந்த வகையானாலும் கண்ணோடு சரி.

இதனால் முதல் வகைக் குடும்பங்களில் ஒரு வினோதம் தெரியும். பரம்பரை பெரும்பாலும் ஆண்கள் வழியாகவே இறங்கும், பெண்களோடு நின்றுபோகும். உங்கள் அப்பா, அத்தை, தங்கை மூவரையும் ஒரு காகிதத்தில் வம்ச மரமாக வரைந்து பாருங்கள்: அதே கண் உள்ள அண்ணன் தம்பிக்குப் பிள்ளைகள், அதே கண் உள்ள அக்காவுக்கு இல்லை. பாடப்புத்தகத்தில் போடும் படம் அதுதான். உங்கள் அத்தையைக் குடும்பத்தில் யார் என்ன பேசினார்களோ தெரியாது. பேசியிருந்தால், அந்தப் பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

2001ல் இத்தாலியின் கல்யாரி நகர ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபாக்ஸ்எல்2. மூன்றாவது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. அதன் புரதம் 376 அமினோ அமிலம் நீளம், அவ்வளவு ஒன்றும் பெரியதல்ல. அது செய்யும் வேலைதான் பெரியது.

நம் உடம்பில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது அதே தொகுப்புதான். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மற்ற மரபணுக்களைத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே தொழிலாகக் கொண்ட புரதங்கள் இருக்கின்றன. அவற்றை மரபணு ஒழுங்குபடுத்திகள் என்கிறோம். கட்டட வேலையில் மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் செங்கல் அடுக்குவதில்லை, கலவை கொட்டுவதில்லை. யார் இப்போது வேலையைத் தொடங்க வேண்டும், யார் இன்னும் காத்திருக்க வேண்டும் என்று சொல்வது அவர். ஃபாக்ஸ்எல்2வும் அப்படித்தான். அது ஹார்மோன் அல்ல, ஹார்மோன் தயாரிக்கும் நொதியும் அல்ல. டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்துத் தொடரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்தில் உள்ள மரபணுவை ஓட விடுகிறது, அல்லது நிறுத்துகிறது.

முக்கியமாக மூன்று இடங்களில் இது வேலை செய்கிறது: கருவில் இமை உருவாகும்போது இமையின் திசுவில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில், சினைப்பையில் முட்டையைச் சுற்றியிருக்கும் கிரானுலோசா செல்களில். கண்ணுக்கும் சினைப்பைக்கும் இதைத் தவிர மறைமுகமான தொடர்பு எதுவும் இல்லை. இமை சினைப்பையைப் பாதிக்கவில்லை, சினைப்பை இமையைப் பாதிக்கவில்லை. ஒரே புரதம் இரண்டு இடத்திலும் தேவைப்படுகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதியில் ஒன்று பழுதாகி அது பாதி அளவே இருக்கும்போது இரண்டு இடத்திலும் வேலை கெடுகிறது. இமை சரியாக அமையவில்லை என்பது பிறந்த அன்றே முகத்தில் தெரிந்துவிடுகிறது. சினைப்பையில் கெட்டது தெரிய இருபது, முப்பது வருடம் ஆகிறது.

சரி, சினைப்பைக்குள் போவோம்.

இளம் பெண்ணின் சினைப்பையின் ஓரப்பகுதியில் ஒரு மெல்லிய சீவலை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உருண்டை உருண்டையாகப் பெரிய செல்கள் தெரியும். அவைதான் கருமுட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரே வரிசையில், அழுத்தி ஒட்டியது போலத் தட்டையாகச் சில செல்கள் இருக்கும். முட்டையும் இந்தத் தட்டைச் செல்களும் சேர்ந்ததுதான் ஆதி நுண்பை. பிறக்கும்போது ஒரு பெண் குழந்தைக்கு இப்படிப் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை இருக்கும். பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம். அதில் வாழ்நாள் முழுக்க வெளியேறும் முட்டை நானூறு ஐந்நூறுதான். மற்றதெல்லாம் தூங்கியபடியே அல்லது பாதி வளர்ந்து அழிந்துவிடும்.

அந்தத் தட்டைச் செல்கள்தான் பின்னாளில் கிரானுலோசா செல்களாக ஆகின்றன. ஒரு நுண்பை விழிக்கும்போது முதலில் மாறுவது இவைதான். தட்டையாக இருந்தவை கனசதுரமாக நிமிர்கின்றன, பெருகுகின்றன, இரண்டு மூன்று அடுக்காகின்றன. முட்டைக்கு உணவு, சமிக்ஞை எல்லாம் இவற்றின் வழியாகத்தான். விழித்த நுண்பை முட்டையை வெளியேற்றும் அளவுக்கு வளரப் பல மாதங்கள் ஆகும். மீதி லட்சக்கணக்கானவை அதுவரை அசையாமல் காத்திருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு நாற்பது வயதுவரை முட்டை கையிருப்பு இருக்கிறது என்றால், அது இந்தக் காத்திருப்பால்தான்.

2004ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஃபாக்ஸ்எல்2வின் இரண்டு பிரதிகளும் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தன. தட்டைச் செல்கள் கனசதுரமாக நிமிரவே இல்லை. ஆனால் முட்டைகள் தூங்கிக்கொண்டிருக்கவும் இல்லை. கும்பலாக விழித்து வளர ஆரம்பித்துவிட்டன. சுற்றி நின்று வளர்க்க வேண்டிய செல்கள் தயாராகவில்லை, முட்டை மட்டும் புறப்பட்டுவிட்டது. விளைவு, மொத்தமாக அழிவு. சினைப்பையில் இருந்த நுண்பைகள் படிப்படியாகத் தீர்ந்துபோயின. சினைப்பை சீக்கிரம் ஓய்வது என்றால் வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மாதவிடாய் நிற்பதுதான் தெரிகிறது. உள்ளே நடப்பது, காத்திருக்க வேண்டியவை காத்திருக்காமல் செலவாகிப் போவது. ஆனால் மனிதரில் எல்லோருக்கும் இதே மாதிரி என்று சொல்லிவிட முடியாது. பிபிஇஎஸ் உள்ள சில பெண்களின் சினைப்பையில் நுண்பைகள் இருந்தும் ஹார்மோனுக்கு இசையாமல் கிடப்பதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது ஹார்மோன். ஈஸ்ட்ரோஜனை ஒரே செல் தனியாகச் செய்வதில்லை. நுண்பையின் வெளிச்சுவரில் இருப்பவை தீக்கா செல்கள். பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்எச் என்ற ஹார்மோன் சொல்லும்போது அவை கொலஸ்ட்ராலை எடுத்து ஆண்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆம், பெண்ணின் ஹார்மோன் ஆண்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஹார்மோனிலிருந்துதான் பிறக்கிறது. அந்த ஆண்ட்ரோஜன் உள்ளே இருக்கும் கிரானுலோசா செல்லுக்குப் போகிறது. அங்கே எஃப்எஸ்எச் சொல்லும்போது, அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது.

ஃபாக்ஸ்எல்2 இந்த வரிசையில் பல இடங்களில் கை வைக்கிறது. அரோமட்டேஸ் மரபணுவின் முகப்பில் போய் உட்கார்ந்து அதைத் தூண்டுகிறது. ஆட்டிலும் திலேப்பியா மீனிலும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுமதிக்கும் ஸ்டார் என்ற புரதம் உண்டு. எல்லா ஸ்டீராய்டு ஹார்மோனுக்கும் அதுதான் நுழைவாயில். அதன் மரபணுவை ஃபாக்ஸ்எல்2 அடக்கி வைக்கிறது என்று 2004ல் காட்டினார்கள். கெட்டுப்போன ஃபாக்ஸ்எல்2 அப்படி அடக்குவதில்லை. ஆண்ட்ரோஜன் செய்யும் நொதி கிரானுலோசா செல்லில் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. ஆக, இது ஹார்மோனைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. எந்தச் செல், எந்தப் பருவத்தில், எந்த ஹார்மோனைச் செய்யலாம் என்பதை முடிவு செய்வதில் இதற்குக் கை இருக்கிறது. இளம் நுண்பை அவசரப்பட்டு முதிர்ந்த நுண்பை மாதிரி நடந்துகொள்ளக் கூடாது. அதைத் தடுப்பதும் இதன் வேலை, முதிர்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் பாயச் செய்வதும் இதன் வேலை.

பிட்யூட்டரியில் இதே புரதம் எஃப்எஸ்எச்சின் மரபணுவையே தூண்டுகிறது. பிட்யூட்டரியில் மட்டும் ஃபாக்ஸ்எல்2வை நீக்கிய எலிகளுக்கு எஃப்எஸ்எச் குறைந்து, இனப்பெருக்கத் திறனும் குறைந்தது. அப்படியானால் உங்கள் தங்கைக்கு எஃப்எஸ்எச் 48 என்று எகிறியிருப்பது எப்படி என்று கேட்பீர்கள். அவருக்கு ஒரு நல்ல பிரதி இருக்கிறது, பிட்யூட்டரிக்கு அது போதும். சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜனும், எஃப்எஸ்எச்சை அடக்கும் இன்ஹிபின் என்ற ஹார்மோனும் வராததால், பிட்யூட்டரி "இன்னும் வேலை செய், இன்னும் வேலை செய்" என்று எஃப்எஸ்எச்சைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. 25க்கு மேல் போனாலே சினைப்பை ஓய்கிறது என்று சந்தேகிக்கலாம் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். ஏஎம்எச் என்பது வளரும் நுண்பைகளின் கிரானுலோசா செல்களே சுரப்பது. வளரும் நுண்பை இல்லையென்றால் அதுவும் இல்லை. இரண்டு எண்ணும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இந்த மரபணுவைப் பற்றி என்னை மிகவும் அசத்தியது 2009ல் வந்த ஒரு ஆய்வு. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் உள்ள ஆய்வகமும் லண்டனின் மில் ஹில்லில் இருந்த ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்தது. அதுவரை பொதுவான நம்பிக்கை, கருவிலேயே சினைப்பையா விந்தகமா என்று முடிவாகிவிடும், பிறகு மாறாது என்பதுதான். இவர்கள் செய்தது இது: பெண் எலியை முழு வளர்ச்சி அடைய விட்டார்கள். சினைப்பை, நுண்பை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் டாமோக்ஸிஃபென் என்ற மருந்தைக் கொடுத்து, அந்த வளர்ந்த எலியில் ஃபாக்ஸ்எல்2வை நீக்கினார்கள். மூன்று வாரத்துக்குள் சினைப்பையின் உள்ளமைப்பே மாறிவிட்டது. கிரானுலோசா செல்கள், விந்தகத்தில் விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்கள் போல ஆகிவிட்டன. விந்தகத்தை உருவாக்கும் சாக்ஸ்9 என்ற மரபணு அவற்றில் திறந்துகொண்டது. தீக்கா செல்கள், விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களைப் போல மாறின. டெஸ்டோஸ்டிரோன் அளவு அதே ஈற்றில் பிறந்த ஆண் எலிகளின் அளவுக்கு வந்துவிட்டது. அந்த எலிகளுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. விந்தணு உருவாகவில்லை, அது வேறு விஷயம். ஆனால் திசு தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டது.

ஃபாக்ஸ்எல்2 ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியோடு கைகோத்து, சாக்ஸ்9ஐத் திறக்கும் டிஎன்ஏ பகுதியின்மேல் உட்கார்ந்து அதை மூடியே வைத்திருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வாழ்நாள் முழுக்க. 2011ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். வளர்ந்த ஆண் எலியின் விந்தகத்தில் டிஎம்ஆர்டி1 என்ற மரபணுவை நீக்கியதும் ஃபாக்ஸ்எல்2 திறந்துகொண்டது, செர்டோலி செல்கள் கிரானுலோசா போல மாறின, ஈஸ்ட்ரோஜன் சுரக்க ஆரம்பித்தது. ஆகவே சினைப்பை சினைப்பையாக இருப்பது ஒரு தடவை நடந்து முடிந்த காரியம் அல்ல. அது ஓயாமல் காத்து நிற்கப்படும் ஒரு நிலை. ஹார்மோன், முட்டை, மாதவிடாய் எல்லாம் அந்தக் காவலைப் பொறுத்து வருபவை. ஃபாக்ஸ்எல்2வை வெறும் "கருவுறுதல் மரபணு" என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் அதன் வேலையில் கால்வாசியைக்கூடச் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தங்கைக்கு மீசை முளைத்துவிடுமோ என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அந்த எலிகளில் இரண்டு பிரதியும் நீக்கப்பட்டன. பிபிஇஎஸ் உள்ளவர்களுக்கு ஒரு பிரதிதான் பழுது, இன்னொன்று முழுசாக இருக்கிறது. சினைப்பை விந்தகமாக மாறாமல் காப்பதற்கு அந்த ஒன்று போதுமாக இருக்கிறது. இமையைச் சரியாக அமைக்கவும், முட்டை கையிருப்பை நாற்பது வருடத்துக்குக் காத்து வைக்கவும்தான் போதவில்லை. ஒரு பிரதி மட்டும் உள்ள எலிகள் சமாளித்துவிடுகின்றன, மனிதரால் முடிவதில்லை. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்கு எழுதிவிடக் கூடாது என்பதற்கு இந்த மரபணு நல்ல உதாரணம்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்த விஷயம் விஞ்ஞானிகளுக்கு முன்பே ஒரு வகையில் தெரியும். ஐரோப்பாவின் சானன், ஆல்பைன் போன்ற பால் ஆடுகளில் கொம்பில்லாத மோழை ஆடுகள் உண்டு. மோழைக் கிடாயையும் மோழை ஆட்டையும் சேர்த்தால் சில குட்டிகள் பெண்ணுமில்லாமல் ஆணுமில்லாமல் பிறக்கும். அதனால் அங்கே பண்ணைக்காரர்கள் கொம்புள்ள கிடாயை வைத்துக்கொள்வது வழக்கம். 2001ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆடுகளின் டிஎன்ஏவில் 11,700 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டுக்குள் ஃபாக்ஸ்எல்2 இல்லை. அது ஃபாக்ஸ்எல்2விலிருந்து ஏறத்தாழ 2,80,000 எழுத்து தள்ளி இருக்கிறது. மரபணு முழுசாக இருந்தும், தூரத்தில் இருந்த அதன் சுவிட்சு போய்விட்டதால் சினைப்பையில் அது ஓடவில்லை. 2014ல் அதே நாட்டில் ஃபாக்ஸ்எல்2வை மட்டும் வெட்டியெடுத்து ஆட்டுக்குட்டிகளை உருவாக்கியபோது, பெண் குரோமோசோம் உள்ள குட்டிக்கு விந்தகம் வந்தது, இமை உருவாகவில்லை, கொம்பு மட்டும் வழக்கம்போல முளைத்தது. கொம்பு இல்லாமைக்குக் காரணம் வேறு, பாலின மாற்றத்துக்குக் காரணம் ஃபாக்ஸ்எல்2 என்று அதோடு தெளிவாகிவிட்டது.

இந்த ஆட்டுக் கதையைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் தங்கையின் பரிசோதனைக்கும் இது நேரடியாக உதவும். ஃபாக்ஸ்எல்2 மரபணு ஒரே துண்டாக இருப்பதால் அதன் எழுத்துகளைப் படிப்பது சுலபம். ஆனால் மரபணுவின் எழுத்தை மட்டும் படிக்கும் சோதனையில், மரபணுவே முழுசாகக் காணாமல் போயிருந்தால் தெரியாது. மனிதரிலும் சில பிபிஇஎஸ் குடும்பங்களில் தூரத்துச் சுவிட்சுப் பகுதி மட்டும் வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள், அதுவும் தெரியாது. எனவே ரிப்போர்ட்டில் "மாற்றம் இல்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இழப்பைத் தேடும் எம்எல்பிஏ அல்லது மைக்ரோஅரே சோதனையும் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இவ்வளவு தெளிவான கண் அமைப்பும் குடும்ப வரலாறும் இருக்கும்போது, எழுத்துச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து மாற்றம் இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மாற்றம் கிடைத்தால், அது எந்த மாதிரி என்பதையும் கேளுங்கள். இந்தப் புரதத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் தொடர்ந்து 14 முறை வரும் ஒரு பகுதி உண்டு. அடிக்கடி காணப்படும் கோளாறு, அது 24ஆக நீள்வது. அப்படி நீண்டவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை, அதாவது சினைப்பை பாதிக்கப்படாத வகை. அந்தப் பகுதிக்கு முன்பே புரதம் அறுந்துபோகும் மாற்றங்கள் முதல் வகையோடு அதிகம் சேர்ந்து வருகின்றன. ஆனால் இது போக்குதான், விதியல்ல. ஒரே குடும்பத்திலேயே ஒரு பெண்ணுக்குச் சினைப்பை ஓய்ந்து, இன்னொரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் உண்டு. உங்கள் தங்கையின் விஷயத்தில் எஃப்எஸ்எச்சும் ஏஎம்எச்சும் ஏற்கெனவே பேசிவிட்டதால், இந்த வகைப் பிரிப்பு அவருக்குப் பெரிதாக உதவாது. வீட்டில் அதே கண்ணோடு சின்னப் பெண்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத்தான் உதவும். அவர்களுக்குச் சிறுவயதிலேயே பார்வையைச் சோதிக்க வேண்டும், தொங்கும் இமை கண்ணை மறைத்தால் பார்வை வளராமல் போய்விடும். பூப்படைந்த பிறகு ஏஎம்எச்சைக் கவனித்து வந்து, குறையத் தொடங்கினால் முட்டையை எடுத்து உறைய வைப்பது பற்றி நேரத்தோடு பேசலாம்.

இங்கே ஒரு விஷயம். இதைப் படிக்கும் வேறு பெண்கள், கண் சாதாரணமாக இருந்தும் மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்கள், ஃபாக்ஸ்எல்2வைச் சோதிக்க ஓட வேண்டாம். நாற்பதுக்குள் சினைப்பை ஓய்வது 100ல் ஒரு பெண்ணுக்கு என்று சொல்லி வந்தார்கள், புதிய கணக்கு 3.5 சதவீதம் என்கிறது. அதில் பிபிஇஎஸ் மிகச் சிறு பங்கு. இமைக் கோளாறு இல்லாமல் ஃபாக்ஸ்எல்2 மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குரோமோசோம் சோதனை, எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவின் சோதனை, தைராய்டும் மற்ற தன்னுடல் தாக்கு நோய்களும். சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் இதற்கு நேர் எதிரான படம். அங்கே நுண்பைகள் நிறைய, ஏஎம்எச் அதிகம். அதற்கும் இந்த மரபணுவுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இணையத்தில் தேடினால் ஃபாக்ஸ்எல்2 என்ற பெயர் புற்றுநோயோடு சேர்ந்தும் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன். 2009ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஆய்வாளர்கள், பெரியவர்களுக்கு வரும் கிரானுலோசா செல் கட்டிகளை ஆராய்ந்தார்கள். 89 கட்டிகளில் 86ல் ஃபாக்ஸ்எல்2வின் ஒரே ஓர் எழுத்து, அதுவும் ஒரே இடத்தில், மாறியிருந்தது. 134வது அமினோ அமிலம் சிஸ்டீனுக்குப் பதில் டிரிப்டோஃபேன். ஒரு புற்றுநோய்க்கு இவ்வளவு சீராக ஒரே எழுத்து காரணமாக இருப்பது அரிது. அந்தக் கட்டிகளில் பல ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பதால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் திரும்ப ரத்தப்போக்கு வருவது முதல் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் இந்த மாற்றம் பரம்பரையாக வருவதல்ல, பின்னாளில் கட்டியின் செல்லில் மட்டும் உண்டாவது. பிபிஇஎஸ்ஸில் புரதத்தின் வேலை குறைகிறது. கட்டியில் அது இல்லாத வேலையைச் செய்யத் தொடங்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தங்கையைப் பயமுறுத்த வேண்டாம்.

கடைசியாக மருந்து. ஃபாக்ஸ்எல்2வைத் திரும்ப வேலை செய்ய வைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. ஹார்மோனைச் சமப்படுத்தும் என்று விற்கும் பொடியும் கஷாயமும் இந்த மரபணுவின் பக்கம்கூடப் போகாது. எஃப்எஸ்எச் ஊசியை அதிகமாகப் போட்டு முட்டையை வளர்க்கலாமா என்றால், உடம்பே ஏற்கெனவே அதைக் கொட்டிக்கொண்டிருக்கிறது, கேட்கத்தான் செல்கள் இல்லை. சினைப்பைக்குள் பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவு) செலுத்துவது, ஸ்டெம் செல் செலுத்துவது எல்லாம் இன்னும் ஆராய்ச்சி நிலைதான். ஆராய்ச்சித் திட்டத்துக்கு வெளியே அதற்கு லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் குழந்தையைவிட முதலில் கவனிக்க வேண்டியது ஈஸ்ட்ரோஜன் இல்லாத உடம்பு. 26 வயதில் அது நின்றால் எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, அதாவது ஐம்பதை ஒட்டி, ஈஸ்ட்ரோஜனும் கருப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும். "ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் கொண்டுவரும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் ஐம்பது அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. இங்கே நாம் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை, அந்த வயதில் இருக்க வேண்டியதைத்தான் திருப்பித் தருகிறோம். டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. அத்தைக்கும் எடுங்கள், அவருக்கு இன்னும் அவசியம்.

குழந்தை விஷயத்தில், தானாகக் கரு உண்டாகும் வாய்ப்பு அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. சினைப்பை ஓயும் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் எப்போதாவது ஒரு முட்டை வெளியாகிக் கரு தங்குவதுண்டு. அதை நம்பித் திட்டம் போட முடியாது. தன் முட்டையிலேயே குழந்தை உண்டானால், ஆணோ பெண்ணோ, பழுதான பிரதி போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்குக் கண் சாதாரணமாக இருக்கிறது என்றால் அந்தப் பிரதி உங்களிடம் வரவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். தங்கையின் கருப்பைக்கு எந்தக் குறையும் இல்லை. ஹார்மோன் கொடுத்துத் தயார் செய்தால் தான முட்டையில் உருவான கருவை அது நன்றாகவே தாங்கும், அந்த வழியில் பரம்பரைப் பிரச்சினையும் போகாது. இந்தியாவில் 2021ல் வந்த சட்டப்படி முட்டை தானம் செய்பவருக்கு வயது 23லிருந்து 35க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தானம் செய்யலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஏழு முட்டையில் எத்தனை கரு கிடைக்கும், எத்தனையை உறைய வைப்பார்கள், முதல் முயற்சி பலிக்காவிட்டால் செலவு எப்படி என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.